லாச்சியிலிருந்து வந்த நீலப் பூனை

சென்ற விடுமுறையில் வீட்டைச் சுத்தம் செய்தபோது, என் பழைய மேசையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது அப்பா யாரிடமோ 40 ரிங்கிட் கொடுத்து வாங்கி வந்த மேசை அது. ஒரு கால் குட்டை. அதற்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறோம். வலது பக்க லாச்சி பாதி வரைதான் வெளியே வரும். மெழுகுவர்த்தி தேய்த்துப் பார்த்தாயிற்று, தட்டிப் பார்த்தாயிற்று, அதற்கு மேல் வராது.

பாதித் திறப்பில் கையை விட்டுத் துழாவி உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். மூடி உடைந்த டோராயெமோன் பென்சில் பெட்டி. இரவுச் சந்தையில் அடம்பிடித்து வாங்கியது. மூலை தேய்ந்து உருண்டையாகிப்போன ஓர் அழிப்பான். வாரே இல்லாத கைக்கடிகாரம். மூங்கில் காத்தாடி வடிவில் தங்கையின் தலைக் கிளிப் ஒன்று. அது எப்படி என் லாச்சிக்குள் வந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

ஏழு வயதில் இந்த லாச்சியை நான் தினமும் இரவில் ஒரு முறை இழுத்துப் பார்ப்பேன். கார்ட்டூனில் நோபித்தாவின் மேசை லாச்சிக்குள்தான் கால இயந்திரம் இருக்கும். அதன் வழியாகத்தான் டோராயெமோன் எதிர்காலத்திலிருந்து வந்தது. என் லாச்சி பாதியில் சிக்கிக்கொள்வதற்கும் உள்ளே ஏதோ ஒன்று இருப்பதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்பினேன்.

இந்த நீலப் பூனையைத் தெரியாத மாணவர் நம் நாட்டில் இருக்க மாட்டார். அதை வரைந்தவரைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. எனக்கும் இந்த ஆண்டு வரை தெரியாது. முதலாம் ஆண்டுப் படிப்பில் ஓர் அடி வாங்கிய பிறகு, படிக்கவும் பிடிக்காமல் தூங்கவும் முடியாமல் கிடந்த நாள்களில்தான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அந்த அடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர் பெயர் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ. ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் உள்ள தக்காவோக்கா என்ற ஊரில் 1933ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி பிறந்தார். உடல் மெலிந்தவர். விளையாட்டில் பின்தங்கியவர். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குபவர். நோபித்தா யார் என்று இப்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். தன் சிறு வயதையே எடுத்துத்தான் நோபித்தாவாக வரைந்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நோபித்தாவுக்கு டோராயெமோன் கிடைத்தது போல ஃபுஜிமோட்டோவுக்கும் ஒருவர் கிடைத்தார். 1944ஆம் ஆண்டு, அவர் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, மோட்டூ அபிகோ என்ற மாணவர் அவருடைய பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். அபிகோ பக்கத்து ஊரான ஹிமியில் ஒரு புத்த ஆலயத் தலைமைக் குருவின் மகன். தந்தை இறந்துவிட்டதால் குடும்பம் அந்த ஆலயத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. புதுப் பள்ளியில் யாரையும் தெரியாமல் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவரிடம், இன்னொரு படம் வரையும் பையன் போய்ச் சேர்ந்தான். பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

போர் முடிந்தது. நாட்டில் எதுவுமே தாராளமாகக் கிடைக்காத காலம். இந்த இரண்டு பையன்களும் தாங்களே ஓர் இதழ் தயாரித்தார்கள். கையால் எழுதி, கையால் வரைந்து, தைத்து முடித்தால் மொத்தம் ஒரே ஒரு பிரதி. அதை நண்பர்களிடம் சுற்றுக்கு விட்டார்கள். படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டும் கருவி ஒன்றையும் ஃபுஜிமோட்டோ தானே செய்தார். கடையில் வாங்க வழியில்லை, வீட்டில் இருப்பதை வைத்துச் செய்து பார்ப்போம் என்ற பழக்கம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது. உயர்நிலைப் பள்ளியில் அவர் எடுத்த பிரிவு மின்னியல் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டோராயெமோனின் பையிலிருந்து வரும் கருவிகள் எல்லாம் எவ்வளவு அபத்தமாக இருந்தாலும், அவற்றுக்கு ஒரு விசையோ பித்தானோ கட்டாயம் இருக்கும்.

1947ஆம் ஆண்டு ஒசாமு தெசூகா வரைந்த புதையல் தீவுக் கதை ஒன்று ஜப்பானியச் சிறுவர்களிடையே பெரும் அலையை எழுப்பியது. ஆஸ்ட்ரோ பாயைப் பின்னாளில் படைத்தவர் அதே தெசூகாதான். காகிதத்தில் சினிமா ஓடுவது போல அவர் வரைந்திருந்ததைப் பார்த்து, இனித் தாங்களும் சித்திரக்கதைக்காரர்கள்தான் என்று இரு நண்பர்களும் முடிவெடுத்தார்கள். 1951ஆம் ஆண்டு, பள்ளி மாணவர்களாக இருக்கும்போதே, மைனிச்சி நிறுவனத்தின் தொடக்கப்பள்ளி மாணவர் நாளேட்டில் அவர்களுடைய முதல் சித்திரத் தொடர் வெளிவந்தது. வந்த பணத்தை அஞ்சலகத்தில் இருவருக்கும் பொதுவான ஒரே கணக்கில் போட்டார்கள். யார் வரைந்தது, யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு அப்போதும் இல்லை, பிறகும் பல்லாண்டுகளுக்கு இல்லை. ஆளுக்குப் பாதி.

தெசூகாவை நேரில் பார்க்கவும் போனார்கள். அச்சில் வந்த ஒரு கதைக்காக அவர் எத்தனை பக்கங்கள் வரைந்து கழித்திருந்தார் என்பதைக் கண்டதும், தங்கள் பையிலிருந்த ஒரு படைப்பை வெளியே எடுக்கவே கூச்சப்பட்டு அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். நம்மில் யார் இப்படிச் செய்ததில்லை?

பள்ளி முடிந்ததும் அபிகோவுக்கு உள்ளூர் நாளேட்டில் நிருபர் வேலை கிடைத்தது. ஃபுஜிமோட்டோ இனிப்புத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். இயந்திரத்தில் கை மாட்டினால் பிறகு படம் வரைய முடியாதே என்று பயந்து சில நாள்களிலேயே நின்றுவிட்டார். வீட்டில் இருந்தபடியே வரைந்தார். பிறகு, டோக்கியோவுக்குப் போய்விடலாம் என்று அபிகோவை அழைத்தார். இதில் எனக்கு ஒரு வியப்பு. வாய் திறந்து பேசவே தயங்குபவர் அழைக்கிறார், நல்ல சம்பளத்தில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்.

1954ஆம் ஆண்டு டோக்கியோ சென்றவர்களுக்கு முதலில் கிடைத்தது இரண்டு பாய் விரிக்கும் அளவுள்ள அறை. ஜப்பானில் அறையைப் பாய்க் கணக்கில்தான் அளப்பார்கள். இரண்டு பாய் என்றால் ஏறக்குறைய 3.3 சதுர மீட்டர். இரண்டு இளைஞர்கள், இரண்டு பேருடைய படுக்கை, வரைவதற்கு இடம், எல்லாமே அதற்குள். என் விடுதி அறையைப் பற்றி அம்மாவிடம் நான் புலம்பியதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அதே ஆண்டு இறுதியில் அவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். தொக்கிவா-சோ என்ற இரண்டு மாடி மர வீட்டில் குடியிருந்த தெசூகா வேறு இடத்துக்கு மாறினார். தம் அறையை இந்த இருவருக்கும் விட்டுக்கொடுத்தார். அறைக்கான முன்பணம் 30,000 யென்னை அப்படியே விட்டுப் போனார். தாம் எழுதிய மேசையையும் விட்டுப் போனார். நாலரைப் பாய் அறை. பொதுச் சமையலறை, பொதுக் கழிப்பறை. சித்திரக்கதை உலகின் பெரும் பெயர்களாகப் பிறகு வளர்ந்த ஷோதாரோ இஷினோமோரியும் ஃபுஜியோ அகாட்சுகாவும் அதே வீட்டில் வந்து குடியேறினார்கள். எல்லாருக்கும் அண்ணன் போல இருந்து, கையில் காசில்லாதவருக்குக் கடன் கொடுத்தவர் ஹிரோ தெராடா. ஃபுஜிமோட்டோவின் தாயாரும் பின்னர் வந்து மகனுடன் அங்கே தங்கினார்.

இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர்தான் ஃபுஜிக்கோ ஃபுஜியோ. ஃபுஜிமோட்டோவிலிருந்து ஃபுஜியும் அபிகோவிலிருந்து கோவும் எடுத்துச் சேர்த்தது. வாசகர்களுக்கு அது ஒரே ஆள். உள்ளே இரண்டு பேர்.

இனி அந்த அடியைப் பற்றிச் சொல்கிறேன். 1955ஆம் ஆண்டு ஜனவரியில் அவர்கள் புத்தாண்டுக்காகச் சொந்த ஊருக்குப் போனார்கள். இளம் எழுத்தாளர்கள் என்று பெயர் பரவத் தொடங்கியிருந்த நேரம். யார் கேட்டாலும் சரி என்று சொல்லி, பல இதழ்களுக்குத் தொடர்களையும் இணைப்புகளையும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போனதும் வீட்டுச் சாப்பாடு, உறவினர், உறக்கம். கை நின்றுவிட்டது. ஆசிரியர்களிடமிருந்து தந்தி மேல் தந்தி வந்தது. தந்தி வர வர, செய்ய முடியாமல் மேலும் முடங்கிப்போனார்கள். கொடுக்க வேண்டியவற்றில் பலவற்றைக் கொடுக்கவே இல்லை. பதிப்பகங்கள் கைவிட்டன. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் அவர்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை.

இதைப் படித்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் கதையும் இதுதான். பள்ளியில் நான் ஓரளவு நன்றாகப் படித்தேன். எஸ்.பி.எம். முடிவு வந்தபோது அப்பா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பலகாரம் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் பருவத்தில், இரண்டு மன்றங்களில் பொறுப்பு, ஒரு கலைவிழா, ஐந்து பாடம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தேன். ஒரு பாடத்தின் இடுபணியை நாளை செய்யலாம், மறுநாள் செய்யலாம் என்று தள்ளினேன். நாள் கடந்ததும் விரிவுரையாளரின் மின்னஞ்சலைத் திறக்கவே பயம். திறக்காமலே விட்டேன். அந்தப் பாடத்தில் தேர்ச்சி இல்லை. இப்போது மீண்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். திறக்காத தந்திகள் எவ்வளவு கனக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த இருவரும் என்ன செய்தார்கள் என்று ஆவலோடு மேலே படித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஊரிலேயே ஒளிந்துகொள்ளாமல் டோக்கியோவுக்குத் திரும்பி வந்தார்கள். அதே நாலரைப் பாய் அறை, அதே மேசை. கிடைத்த சின்னச் சின்ன வேலைகளைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தார்கள். நம்பிக்கை மெல்லத்தான் திரும்பியது. இதில் டோராயெமோனின் கருவி எதுவும் உதவிக்கு வரவில்லை. அப்போது டோராயெமோன் பிறந்திருக்கவே இல்லை.

1964இல் இருவரும் சேர்ந்து வரைந்த கியூதாரோ என்ற குட்டிப் பேய் ஜப்பான் முழுக்கப் பிரபலமானது. மறு ஆண்டே தொலைக்காட்சிக்கும் வந்தது. பின்னர் பாதை சற்றுப் பிரிந்தது. நம் வீட்டில் தங்கை பார்த்துக்கொண்டே இருக்கும் நிஞ்சா ஹத்தோரி அபிகோவுடையது. பெர்மேன் ஃபுஜிமோட்டோவுடையது. எல்லாமே ஒரே பெயரில்தான் வெளிவந்தன.

1960களின் இறுதியில் காற்று மாறியது. நிழலும் ரத்தமுமாகப் பெரியவர்களுக்கான சித்திரக்கதைகள் பரபரப்பாக விற்றன. உருண்டைத் தலையும் புள்ளிக் கண்ணுமாக ஃபுஜிமோட்டோ வரைந்த பிள்ளைகள் பழைய பாணி ஆகிவிட்டார்கள். அவருக்கு வயது 35. மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தந்தையானவர் அவர். அந்தச் சோர்வான நேரத்தில்தான் ஷோகாகுகான் பதிப்பகத்தின் சிறுவர் இதழ்களுக்கு ஒரு புதிய தொடர் கேட்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. தொடர் வருகிறது என்று முந்தைய மாதமே விளம்பரம் போட வேண்டும். என்ன கதை என்று ஃபுஜிமோட்டோ இன்னும் யோசிக்கவே இல்லை. அதனால் விளம்பரத்தில் திறந்த மேசை லாச்சி ஒன்றை மட்டும் வரைந்து கொடுத்தார். அதிலிருந்து ஏதோ ஒன்று வெளியே குதிக்கிறது, பையன் திகைக்கிறான். குதிப்பது யார், பெயர் என்ன, எதுவும் கிடையாது. ஆக, முதலில் பிறந்தது லாச்சி. பூனை பிறகுதான்.

அந்தப் பூனை பிறந்த விதத்தை அவரே பின்னர் ஒரு சித்திரக்கதையாக வரைந்திருக்கிறார். கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் வரைந்திருப்பார் என்று நினைக்கிறேன். கெடு நாள் நெருங்குகிறது. தெருப் பூனையைப் பிடித்து வைத்துத் தெள்ளுப்பூச்சி எடுப்பதில் நேரம் போகிறது. பிறகு தூக்கம். விழித்துப் பார்த்தால் விடிந்துவிட்டது. யோசனைகளைத் தானே கண்டுபிடித்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்குகிறார். அலறிக்கொண்டு படியிறங்கும்போது மகளின் பொம்மை காலில் இடறுகிறது. அது எப்படித் தள்ளினாலும் விழாமல் எழுந்து நிற்கும் தலையாட்டி பொம்மை. பூனையும் அந்தப் பொம்மையும் அவர் தலைக்குள் ஒன்று சேர்ந்தன. திரியும் பூனைக்கு ஜப்பானிய மொழியில் உள்ள பெயரிலிருந்து டோராவும், பழங்காலத்து ஆண்களின் பெயர் முடிவான எமோனும் இணைந்தன. கையாலாகாத ஒரு பையனுக்கு உதவ வரும் எதிர்காலத்து இயந்திரப் பூனை தயாரானது. அது அன்று காலை அவருக்கே தேவைப்பட்ட பூனை.

1970ஆம் ஆண்டு ஜனவரி இதழுக்காக டோராயெமோன் வெளிவந்தது. ஒரே இதழில் இல்லை, ஒரே நேரத்தில் ஆறு இதழ்களில். பாலர் பள்ளி முதல் நான்காம் வகுப்பு வரை ஒவ்வொரு வயதுக்கும் ஓர் இதழ். ஒவ்வொன்றுக்கும் அந்த வயதுக்கேற்ற தனிக் கதை. மாதத்துக்கு ஆறு முறை அவர் ஆறு வயதாகவும், எட்டு வயதாகவும், பத்து வயதாகவும் மாறி மாறி யோசிக்க வேண்டியிருந்தது. டோராயெமோனின் உயரம் 129.3 சென்டிமீட்டர். அக்காலத்து நான்காம் வகுப்புப் பிள்ளையின் சராசரி உயரத்தைப் பார்த்து வைத்த கணக்கு அது. நோபித்தாவை மேலிருந்து கீழே பார்க்கும் நண்பன் வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பையிலிருந்து வெளியே வந்தவற்றை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். கதவு. ரொட்டி. கைவிளக்கு. துணி. தொலைபேசிக் கூண்டு. எல்லாமே வீட்டிலோ தெருவிலோ கிடப்பவை. தலையில் ஒட்டிப் பறக்கும் காத்தாடி, ஜப்பானியப் பிள்ளைகள் உள்ளங்கைகளால் உருட்டிவிடும் மூங்கில் விளையாட்டுப் பொருள். சாமான் கட்டும் துணியால் பழையதைப் போர்த்தினால் அது புதியதாகிவிடும். நினைவு ரொட்டியைப் புத்தகப் பக்கத்தில் அழுத்தித் தின்றால் அந்தப் பக்கம் முழுவதும் மனப்பாடம். அதைத் தேர்வுக்கு முதல் நாள் நோபித்தா அளவில்லாமல் தின்று, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, படித்ததெல்லாம் கழிப்பறையோடு போய்விட்ட கதை நினைவிருக்கிறதா? அந்த ரொட்டி மட்டும் கிடைத்தால் என்று நான் இன்றும் தேர்வு வாரத்தில் நினைப்பதுண்டு.

ஆங்கிலத்தில் அறிவியல் புனைகதையைக் குறிக்கும் எஸ்.எஃப். என்ற இரண்டு எழுத்துக்கும் அவர் தமக்கென்று வேறொரு விரிவு வைத்திருந்தார். ஜப்பானிய மொழியில் அது கொஞ்சம் விநோதம் என்று பொருள்படும். விண்கலமும் வேற்றுக்கோளும் எதற்கு, சமையலறையில் உள்ள ரொட்டி கொஞ்சம் விநோதமாக நடந்துகொண்டால் போதும். கடையில் எதுவும் கிடைக்காத காலத்தில் தானே கருவி செய்து பார்த்த பையனின் கை அதில் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மொழிபெயர்ப்புக் கொன்யாக்கு. கொன்யாக்கு என்பது ஒரு கிழங்கு மாவில் செய்யும், நம் அகார்-அகார் போல வழுவழுப்பான பண்டம். ஒரு துண்டு தின்றால் எந்த மொழியும் புரியும். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். முதல் வாரம் வகுப்பில் எல்லாமே மலாய். அறிவியல் ஆசிரியை கேள்வி கேட்டால் விடை தலைக்குள் தமிழில் நிற்கும், வாய்க்கு வராது. எனக்கு ஓரளவு கைகொடுத்தது எது தெரியுமா? தொலைக்காட்சியில் டோராயெமோன் மலாய்தான் பேசும். நினைத்த இடத்துக்குப் போகும் அந்தக் கதவை பிந்து சுகா ஹாத்தி என்றுதான் நாங்கள் எல்லாரும் அறிவோம். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் என் பென்சில் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசை மாணவி அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். டோராயெமோனைப் பற்றிப் பேச என்னிடம் போதுமான மலாய் இருந்தது. அங்கிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது.

ஃபுஜிமோட்டோவின் பூனைக்கு வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1973இல் தொலைக்காட்சிக்குப் போன டோராயெமோன் ஆறே மாதத்தில் நின்றது. மறு ஆண்டு மார்ச் மாதம், மூன்றாம் வகுப்பு இதழில் அவர் ஒரு பிரியாவிடைக் கதை வரைந்தார். டோராயெமோன் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டும். தான் இனித் தனியாகச் சமாளிப்பேன் என்று காட்டுவதற்காக, நோபித்தா இரவில் ஜையனோடு தன்னந்தனியாக மோதுகிறான். அடி மேல் அடி. விழுகிறான், எழுகிறான், காலைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறான். கடைசியில் ஜையன் சலித்துப்போய்த் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். காலையில் நோபித்தா கண் விழிக்கும்போது டோராயெமோன் இல்லை. லாச்சி வெறும் லாச்சியாக இருக்கிறது. 2014இல் வந்த முப்பரிமாணப் படத்தில் இந்தக் காட்சியைப் பார்த்து அழாதவர்கள் கையை உயர்த்துங்கள்.

தொடரை அத்தோடு முடித்துவிடலாம் என்று ஃபுஜிமோட்டோவுக்கு எண்ணம் இருந்தது. முடியவில்லை. அந்தப் பூனை தலையை விட்டுப் போக மறுத்தது. மறு மாதமே, ஏப்ரல் இதழில், சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் ஒரு மருந்தைக் குடித்த நோபித்தா, டோராயெமோன் இனி வரவே மாட்டான் என்று அழுகிறான். அதுவும் பொய்யாகிறது. டோராயெமோன் வந்து நிற்கிறது. மூன்றாம் வகுப்பில் விடைபெற்ற பிள்ளைகள் நான்காம் வகுப்பு இதழைத் திறந்து பார்த்தபோது எப்படி இருந்திருக்கும்!

அதே 1974இல் கதைகள் நூலாகத் தொகுக்கப்பட்டன. அதுவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வகுப்பு இதழில் வந்த கதை மட்டுமே தெரியும். வகுப்பு முடிந்தால் இதழும் மாறிவிடும். நூலாக வந்த பிறகு அக்காவும் தம்பியும் ஒரே கதையைப் படிக்க முடிந்தது. விற்பனை ஏறியது. 1979 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடர் மீண்டும் தொடங்கியது. 1980இல் முதல் திரைப்படம் வந்தது, அது நோபித்தா வளர்க்கும் டைனோசர் குட்டியின் கதை. டைனோசர் மீது ஃபுஜிமோட்டோவுக்கும் வாழ்நாள் முழுக்கப் பைத்தியம். பொம்மை ரயில் மீதும் அப்படியே. தொப்பியும் புகைக்குழாயுமாகப் படங்களில் தோன்றும் அந்த மெலிந்த மனிதர், சிறு வயதில் பிடித்ததை எதையும் தூக்கிப் போட்டதாகத் தெரியவில்லை.

1986இல் அவருக்கு நோய் வந்தது. அதற்குப் பிறகு, 1987இல், இரு நண்பர்களும் அந்தப் பொதுப் பெயரைப் பிரித்துக்கொண்டார்கள். இருவரில் ஒருவர் இல்லாமல் போனால் எந்தப் படைப்பு யாருடையது என்ற சிக்கல் குடும்பங்களுக்கு வரக்கூடாது என்பதும் ஒரு காரணம். சண்டை எதுவுமில்லை. ஒருவர் ஃபுஜிக்கோ எஃப். ஃபுஜியோ, மற்றவர் ஃபுஜிக்கோ ஃபுஜியோ ஏ. ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஐந்தாம் வகுப்பில் ஒன்று சேர்ந்தவர்கள் அவர்கள். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்தது.

அதன் பிறகும் அவர் ஆண்டுக்கொரு பெரிய கதை என்று டோராயெமோனை வரைந்துகொண்டே இருந்தார். 1996 செப்டம்பரில், 1997இல் வரவேண்டிய திரைப்படத்துக்கான கதையை வரைந்துகொண்டிருந்தார். சாவி கொடுத்தால் இயங்கும் பொம்மைகள் வாழும் ஒரு நகரத்தைப் பற்றிய கதை அது. 20ஆம் தேதி, வீட்டில் மேசையின் முன்னே பென்சிலைப் பிடித்தபடியே நினைவிழந்திருந்தவரைக் குடும்பத்தினர் கண்டார்கள். 23ஆம் தேதி காலமானார். வயது 62. மீதிப் பக்கங்களை அவரிடம் பணியாற்றியவர்கள், அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை வைத்து வரைந்து முடித்தார்கள்.

டோராயெமோனின் பிறந்த நாள் 2112ஆம் ஆண்டு செப்டம்பர் 3. அதே தேதியில், 2011ஆம் ஆண்டு, அவர் நீண்ட காலம் வாழ்ந்த கவாசாக்கி நகரில் அவருக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அவருடைய மேசை அங்கே இருக்கிறது. அதைச் சுற்றிப் புத்தகங்களும் அவர் சேர்த்த டைனோசர் பொம்மைகளும் ரயில்களும் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்பு நண்பர் அபிகோ 2022இல் மறைந்தார். பணம் சேர்ந்தால் ஒரு நாள் தங்கையையும் அழைத்துக்கொண்டு கவாசாக்கிக்குப் போய் வர வேண்டும். இப்போதைக்குக் கணக்கில் இருப்பது விமான நிலையம் வரை போகத்தான் போதும்.

என் மேசையை எடுத்துச் செல்ல வந்த பழைய சாமான்காரரை அம்மா வாசலில் நிற்க வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மேசை மேல் நான் மடிக்கணினியைத் திறந்து வைத்து, மறுபடி எடுத்த அந்தப் பாடத்தின் இடுபணியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டை மின்விசிறியையும் இரண்டு நாற்காலிகளையும் மட்டும் கொடுத்து அவரை அனுப்பி வைத்தார்.

இடுபணியை வியாழக்கிழமையே அனுப்பிவிட்டேன். மேசை இப்போது தங்கையின் அறையில் இருக்கிறது. குட்டைக் காலுக்குப் புது அட்டை மடித்து வைத்தேன். லாச்சி இன்னும் பாதி வரைதான் வருகிறது.